கார் இன்ஜின், கியர்பாக்ஸ் பழுது: சர்வீஸ் சென்டர் வாசலிலிருந்து நுகர்வோர் ஆணையம் வரை முழு வழிகாட்டி

இன்ஜினோ கியர்பாக்ஸோ போய்விட்ட காரைச் சுற்றி நடக்கும் சண்டை எப்போதும் ஒன்றுதான். "ஓட்டிய விதம் சரியில்லை" என்று சர்வீஸ் சென்டர் சொல்லும், "வண்டியே சரியில்லை" என்று நாம் சொல்வோம். யார் சொல்வது சரி என்பதற்கான சாட்சி அந்த இன்ஜினுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பிரித்து, கழுவி, பழைய பாகங்களை ஸ்கிராப்பில் போட்டுவிட்டால் சாட்சி போய்விட்டது. அப்புறம் எவ்வளவு நல்ல வக்கீல் வைத்தாலும் பெரிய பலன் இருக்காது. அதனால்தான் இங்கே சட்டத்தைவிட முதல் ஒரு வாரத்துக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. வண்டி நின்ற இடத்தில்

சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தாலோ, டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனாலோ, ஓரம் கட்டி உடனே ஆஃப் செய்யுங்கள். அடுத்த பங்க் வரை, வீடு வரை என்று இழுக்க வேண்டாம். ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடும் இன்ஜினில் பேரிங்குகள் கொஞ்ச நேரத்திலேயே தேய்ந்து இறுகிவிடும். விளக்கு எரிந்த பிறகும் ஓட்டினீர்களா என்பதுதான் பின்னால் உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி. மஞ்சள் நிற 'செக் இன்ஜின்' விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக சர்வீஸ் சென்டர் வரை போகலாம். அது விட்டுவிட்டு மின்னினால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று அர்த்தம், அப்போதும் நிறுத்திவிடுவதே நல்லது.

தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ இன்ஜின்கள் போனதற்குக் காரணம் வெள்ளம் மட்டும் இல்லை, நின்ற வண்டியைத் திரும்பத் திரும்ப கிராங்க் செய்ததும்தான். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் அதில் மோதி, பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அது வாரன்டியில் வராது. இன்சூரன்ஸிலும் 'இன்ஜின் புரொடெக்ட்' கூடுதல் கவர் எடுத்திருந்தால்தான் வழி உண்டு.

சரி, வண்டியை நிறுத்தியாயிற்று. ரெகவரி வேன் வருவதற்குள் போனை எடுங்கள். எரியும் விளக்குகளும் கிலோமீட்டர் ரீடிங்கும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி டாஷ்போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். சில நிமிடம் கழித்து, சமதளமாக இருந்தால், டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, திரும்பச் செருகி எடுத்து, ஆயில் எந்தக் கோடு வரை நிற்கிறது என்பதைக் கிட்டத்தில் படம் எடுங்கள். கூலன்ட் டேங்கின் அளவு கோடுகளையும் எடுங்கள், ஆனால் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். இந்த இரண்டு படங்களும் விலை மதிப்பில்லாதவை. "ஆயில் குறைவாக இருந்தது" என்று நாளைக்கு சர்வீஸ் சென்டர் சொன்னால், காட்ட உங்கள் கையில் வேறு எதுவும் இருக்காது. சத்தத்தைப் பதிவு செய்வதற்காக இன்ஜினை மறுபடி ஓட விடுவது மட்டும் வேண்டாம்.

ரோட்சைடு அசிஸ்டன்ஸை அழைத்ததும் வரும் எஸ்எம்எஸ்ஸை அழிக்காதீர்கள், அதில் தேதியும் நேரமும் இருக்கிறது. வழியில் யாராவது மெக்கானிக் "பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும்" என்று சொன்னால் தடுத்துவிடுங்கள். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான ஃபால்ட் கோடுகளும் (பழுதுக் குறியீடுகள்) அந்த நொடியின் விவரங்களும் பல வண்டிகளில் அதோடு அழிந்துவிடும். 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்ற பதிவில் பழுது ஏற்பட்டபோது இன்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் ஓடியது, வேகம் என்ன, கூலன்ட் எவ்வளவு சூடு என்பதெல்லாம் இருக்கும். "ஓவராக விரட்டியிருக்கிறீர்கள்" என்ற குற்றச்சாட்டுக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் வைத்திருந்தால் இந்தக் குறியீடுகளைப் படித்து ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். உதாரணமாக பி0524 குறைந்த ஆயில் அழுத்தத்தையும், பி0700 கியர்பாக்ஸ் கட்டுப்பாட்டில் கோளாறையும் குறிக்கும். படிக்க மட்டும் செய்யுங்கள், 'கிளியர்' பட்டனை அழுத்தாதீர்கள்.

2. ஜாப் கார்டு

வழக்கு என்று போனால் முதல் ஆவணம் இதுதான், ஆனால் பெரும்பாலானவர்கள் படிக்காமல் கையெழுத்துப் போடுவதும் இதில்தான். ஜாப் கார்டில் 'கஸ்டமர் வாய்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கும். நீங்கள் சொன்னதை அங்கே எழுத வேண்டும். "இரண்டாவதிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும்போது வண்டி வெட்டுகிறது, டிராஃபிக்கில் அரை மணி நேரம் ஓடினால் கியர் விழுவதில்லை" என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். கார்டில் "ஜெனரல் செக்கப்" என்றோ "பிக்கப் குறைவு" என்றோ இரண்டே வார்த்தை இருக்கும். அப்படி எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எந்தக் கியரில், எந்த வேகத்தில், சூடானபிறகா குளிர்ந்திருக்கும்போதா, எத்தனை நாளாக என்பதெல்லாம் உங்கள் வார்த்தையிலேயே ஏற வேண்டும். தட்டச்சு செய்ய மறுத்தால் உங்கள் பிரதியிலும் அவர்கள் பிரதியிலும் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அன்று மாலையே அதே வாசகத்தை இமெயிலிலும் அனுப்பிவிடுங்கள்.

ஒவ்வொரு முறை போகும்போதும் தனி ஜாப் கார்டு போடச் சொல்லுங்கள். "சாஃப்ட்வேர் அப்டேட்தானே, பத்து நிமிடம்" என்று கார்டு போடாமல் முடித்து அனுப்புவார்கள். ஆனால் ஒரே குறைக்காக ஐந்து முறை போனீர்கள் என்பதை நிரூபிக்க ஐந்து கார்டுகள் வேண்டும்.

"இந்த மாடலே இப்படித்தான் இருக்கும் சார்" என்ற பதில் வந்தால், சண்டை போடாமல், அதையே இமெயிலில் தரச் சொல்லுங்கள். தந்தால் அது ஆதாரம். தராவிட்டால், "இன்று நேரில் இப்படிச் சொன்னீர்கள்" என்று நீங்கள் எழுதுவதும் ஆதாரம்தான்.

3. பிரிக்கச் சம்மதம் கொடுக்கும் முன்

இந்த வழிகாட்டியின் மையம் இந்த இடம்தான். சர்வீஸ் அட்வைசர் போன் செய்வார்: "திறந்து பார்த்தால்தான் சார் தெரியும். திறக்க இவ்வளவு ஆகும், ஓகேவா?" நாம் பதற்றத்தில் ஓகே சொல்லிவிடுவோம். வேண்டாம். "எஸ்டிமேட்டை மெயிலில் அனுப்புங்கள், பதில் போடுகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.

பதிலில் எழுத வேண்டியவை: நான் நேரில் இருக்கும்போதுதான் பிரிக்க வேண்டும். படம், வீடியோ எடுக்க அனுமதிக்க வேண்டும். பிரிப்பதற்கு முன் ஸ்கேன் ரிப்போர்ட்டை ஃப்ரீஸ் ஃப்ரேமோடு பிரின்ட் எடுத்துத் தர வேண்டும். கழற்றிய பாகங்களை என் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அப்புறப்படுத்தக் கூடாது. குறை உற்பத்தியில்தான் என்று தெரிந்தால் பிரிக்கும் கூலியை நான் தர மாட்டேன். வாரன்டியில் மாற்றிய பாகம் கம்பெனிக்குச் சொந்தம் என்று பல வாரன்டி புத்தகங்களில் இருக்கும், அது உண்மைதான். அதனால்தான் பாகம் கையை விட்டுப் போகும் முன்பே படமும் மாதிரியும் எடுத்தாக வேண்டும்.

ஆயிலை இறக்கும்போது நடுவில் வரும் ஆயிலைச் சுத்தமான, ஈரமில்லாத இரண்டு பாட்டில்களில் பிடியுங்கள். தேதி, கிலோமீட்டர் எழுதி, மூடியின்மேல் டேப் ஒட்டி, அதன் குறுக்கே இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் பரிசோதனைக் கூடங்களில் இதைக் கொடுத்தால் நிறைய தெரியவரும். ஈயமும் செம்பும் அதிகம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. சிலிக்கான் இருந்தால் தூசி உள்ளே போயிருக்கலாம். கிளைகால் இருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது. கூலன்ட் நிறையக் கலந்துவிட்டால் கண்ணுக்கே தெரியும், ஆயில் பால் காப்பி நிறத்துக்கு வந்துவிடும்.

ஆயில் ஃபில்டரை வெட்டித் திறந்து மடிப்புகளை விரிக்கச் சொல்லுங்கள். வெளிச்சத்தில் திருப்பினால் உலோகத் துகள்கள் மினுமினுக்கும். கனெக்டிங் ராட் பேரிங்கைப் பார்க்கும்போது, மேலே இருக்கும் சாம்பல் நிற மென்மையான படலம் போய், அடியில் செம்பு நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். எல்லா சிலிண்டரிலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா, ஒன்றில் மட்டுமா என்பதையும் தனித்தனியாகப் படம் எடுங்கள். ராட் வளைந்திருந்து பேரிங் நன்றாக இருந்தால் தண்ணீர் புகுந்ததாகச் சந்தேகிக்க இடம் உண்டு, ஏர் ஃபில்டரில் நீர்த்தடம் இருக்கும். அது காய்ந்து சுத்தமாக இருந்தால் அதையும் படம் எடுங்கள். நாளைக்கு "தண்ணீரில் இறக்கியிருக்கிறீர்கள்" என்று சொல்ல முடியாது.

பேரிங் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆயில் மாற்றாத அலட்சியத்தால் போன பேரிங்கும், தொழிற்சாலைக் குறையால் போன பேரிங்கும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். அமெரிக்காவில் ஹூண்டாய், கியா கார்களின் 'தீட்டா 2' இன்ஜின்கள் இதற்குப் பெரிய உதாரணம். கிராங்க்‌ஷாஃப்டைக் கடைந்தபோது தங்கிய உலோகத் துகள்கள் ஆயில் போகும் வழியை அடைத்து, பேரிங்குகள் போய், ஓடும்போதே இன்ஜின் நின்றது. 2015-இல் சுமார் 4,70,000 சொனாட்டா கார்களைக் குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தார்கள் (ரீகால்), 2017-இல் இன்னும் பல லட்சம் கார்கள். அந்தத் திரும்ப அழைப்புகளைத் தாமதமாகவும் குறைவாகவும் செய்ததற்காக 2020 நவம்பரில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு இரு நிறுவனங்களோடும் சேர்த்து 21 கோடி டாலருக்கு அபராத ஒப்பந்தம் போட்டது. நமக்கு இதில் பாடம் என்ன? பேரிங்கைக் காட்டி "பார்த்தீர்களா, ஆயில் பராமரிப்பு சரியில்லை" என்று சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். ஆயில் மாற்றிய பில்கள், அதில் எழுதிய கிரேடு, கிலோமீட்டர் ஆகியவற்றை எடுத்து வைத்துவிட்டு, "அப்படியானால் ஏன் போனது என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

4. கியர்பாக்ஸ் என்றால்

கியர்பாக்ஸ் புகார்களில் வரும் வழக்கமான பதில் "கிளட்ச் தேய்மானப் பொருள், வாரன்டியில் வராது" என்பது. மேனுவல் வண்டியில் பெரும்பாலும் அது சரிதான். இரண்டு கிளட்ச் கொண்ட டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கில் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கிளட்சை அழுத்துவது நீங்கள் இல்லை, கம்பெனி எழுதிய சாஃப்ட்வேர். கிளட்ச் தேய்ந்ததா, அதை இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட் கெட்டதா என்பதைப் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். கிளட்ச் தடிமன், அடாப்டேஷன் அளவுகள் (தேய்மானத்துக்கேற்ப சாஃப்ட்வேர் செய்துகொண்ட திருத்தங்கள்), வெப்பநிலைப் பதிவுகள் ஸ்கேனரில் கிடைக்கும். அவற்றை பிரின்ட்டாகக் கேளுங்கள். ஃபோக்ஸ்வாகன் தன் 7 ஸ்பீடு டிஎஸ்ஜி என்ற டூயல் கிளட்ச் கியர்பாக்ஸுக்காக 2013 மார்ச்சில் சீனாவில் மட்டும் 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தது, அதுவும் அரசுத் தொலைக்காட்சி புகார்களை ஒளிபரப்பிய சில நாட்களில்.

"உங்கள் டிரைவிங் ஸ்டைல்தான் காரணம்" என்று யாராவது சொன்னால் ஆஸ்திரேலிய வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். 'பவர்ஷிஃப்ட்' என்ற டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் உதறுவதாகப் புகார் சொன்னவர்களிடம் ஃபோர்டு அங்கே அதே காரணத்தைச் சொல்லியனுப்பியது. புகார்களைக் கையாண்ட விதம் நியாயமற்றது என்று 2018 ஏப்ரலில் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

5. வாரன்டி புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்காருங்கள்

பார்க்க வேண்டியது மூன்று இடங்கள். சர்வீஸ் இடைவெளி: ஒரு சர்வீஸ் தள்ளிப் போயிருந்தால் அதைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தத் தாமதத்துக்கும் இந்தப் பழுதுக்கும் என்ன தொடர்பு என்று எழுத்தில் கேளுங்கள். வெளியில் மாட்டிய பொருட்கள்: கேமராவுக்கு வயரை வெட்டியதற்கும் கியர்பாக்ஸ் போனதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றி ரீமேப் செய்திருந்தால் உங்கள் பக்கம் பலவீனம்தான். எரிபொருள்: உங்கள் மேனுவலில் எத்தனை சதவீத எத்தனால் வரை அனுமதி என்று இருக்கிறதோ அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள், பங்க் பில்களையும் சேர்த்து வையுங்கள். "பெட்ரோல் சரியில்லை" என்ற காரணம் வந்தால், டேங்கிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தீர்களா என்று கேட்பதுதான் பதில்.

வெளி மெக்கானிக்கிடம் சர்வீஸ் செய்ததால் வாரன்டி போய்விட்டது என்பதும் அடிக்கடி வரும். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, உதிரிபாகத்தைக் கட்டுப்படுத்துவதோடு இந்த மாதிரி வாரன்டி நிபந்தனையையும் கண்டித்தது. வழக்கு அப்புறம் மேல்முறையீட்டுக்குப் போனது. உங்கள் புகாரில் இதைக் குறிப்பிடலாம், ஆனால் அதை மட்டும் நம்பி வாரன்டி காலத்தில் வெளியே இன்ஜினைத் திறக்க வேண்டாம்.

வாரன்டி முடிந்திருந்தால் 'குட்வில்' கேளுங்கள். கம்பெனியும் டீலரும் செலவில் ஒரு பங்கை ஏற்பது நடக்கிற விஷயம்தான், சர்வீஸ் எல்லாம் அங்கேயே செய்திருந்தால் வாய்ப்பு அதிகம். கொடுக்கும்போது "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாள் நீட்டப்படும். வண்டி ஓடிப் பார்ப்பதற்கு முன் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

6. என்ன கேட்பது

புகார் மெயில் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். டீலரின் சர்வீஸ் மேனேஜர், கம்பெனியின் ஏரியா மேனேஜர், கஸ்டமர் கேர் மூவருக்கும் ஒரே மெயில். தேதிவாரியாக நடந்தது, ஜாப் கார்டு எண்கள், கோரிக்கை, 15 நாள் கெடு. கோபத்தை எழுத வேண்டாம்.

கோரிக்கையைத் தெளிவாக வையுங்கள். பேரிங் போன இன்ஜினில் துகள்கள் ஆயில் கூலர், டர்போ வரை போயிருக்கும். ஹாஃப் இன்ஜினை (பிளாக், பிஸ்டன் அடங்கிய கீழ்ப்பகுதி) மட்டும் மாற்றி அவற்றை விட்டுவிட்டால் புதியதும் போகும். ஆகவே ஃபுல் இன்ஜின் அசெம்பிளி, கூலர், டர்போ சோதனை, மாற்றிய பாகங்களுக்குத் தனி வாரன்டி, வண்டி நிற்கும் நாட்களுக்கு மாற்று வாகனம் அல்லது பயணச் செலவு என்று கேளுங்கள்.

புதுக் கார் வேண்டும் என்பதுதான் எல்லோருடைய ஆசையும். ஆனால் உச்ச நீதிமன்றம் 2006-இல் மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில், வாரன்டிப்படி கடமை பழுதான பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவதுதான் என்று சொல்லி, காரையே மாற்றித்தரும் உத்தரவை ரத்து செய்தது. 2010 நவம்பரில் சி.என். அனந்தராம் எதிர் ஃபியட் இந்தியா வழக்கில், சுயேச்சையான நிபுணர் உள்ளார்ந்த உற்பத்திக் குறை இருப்பதாகச் சொன்னால் காரின் விலையை 12 சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் வழி தெரியும்: நிபுணர் அறிக்கை இல்லாமல் பணம் திரும்பக் கேட்பது வீண்.

7. 1915, திரும்ப அழைப்புப் புகார்

கெடு முடிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், ஆனால் புகார் கம்பெனியின் வேறொரு மேசைக்குப் போகும். பல சமயம் அங்கேயே பேச்சு தொடங்கிவிடும்.

ஓடும்போது இன்ஜின் நிற்பது, நெடுஞ்சாலையில் கியர் நியூட்ரலுக்கு விழுவது போன்றவை பாதுகாப்புப் பிரச்சினை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவுப்படி அரசு கார்களைத் திரும்ப அழைக்க உத்தரவிடலாம், 2021 ஏப்ரலிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். ஒருவர் புகாரால் எதுவும் நகராது, குறிப்பிட்ட எண்ணிக்கை சேர வேண்டும். ஆகவே உங்கள் பணம் திரும்பி வந்தாலும்கூட, அரசின் 'வாகன்' இணையதளத்தில் இந்தக் குறையைப் பதிவு செய்துவிடுங்கள். அதே மாடலை ஓட்டும் இன்னொரு குடும்பத்துக்கு நீங்கள் செய்யும் உதவி அது.

8. நுகர்வோர் ஆணையம்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கார் வாங்கியது சென்னை, இருப்பது தேனி என்றால் தேனியிலேயே போதும். காருக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. 'இ-ஜாக்ரிதி' என்ற அரசு இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. முன்னதாக நோட்டீஸ் அனுப்புவதும் கட்டாயம் இல்லை, ஆனாலும் ஸ்பீடு போஸ்ட்டில் ஒன்று அனுப்பிவிடுங்கள். காலக்கெடு இரண்டு வருடம். பேச்சுவார்த்தை நடக்கிறது என்று இழுத்துக்கொண்டே போய் அதைத் தவறவிடாதீர்கள்.

எதிர்மனுதாரர்களாக விற்ற டீலர், பழுது பார்த்த சர்வீஸ் சென்டர், தயாரிப்பாளர் மூவரையும் சேருங்கள். ஒவ்வொருவரும் என்ன தவறு செய்தார் என்று தனித்தனியாக எழுதுங்கள். டீலரின் தவறுக்குத் தயாரிப்பாளர் தானாகவே பொறுப்பாகிவிட மாட்டார் என்று 2021-இல் டாடா மோட்டார்ஸ் எதிர் ஆன்டோனியோ பாலோ வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தாக்கல் செய்யும்போதே இரண்டு மனுக்களைச் சேர்த்துப் போடுங்கள். ஒன்று, கழற்றிய இன்ஜினையும் பாகங்களையும் அப்படியே வைத்திருக்க இடைக்கால உத்தரவு. இன்னொன்று, 38(2)(சி) பிரிவின் கீழ் நிபுணர் பரிசோதனை. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் ஆட்டோமொபைல் பொறியியல் துறை இருக்கிறது, ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது, மோட்டார் வாகன ஆய்வாளரும் உண்டு. யார் வேண்டும் என்று நீங்களே முன்மொழியலாம். பரிசோதனைச் செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். அதில் சிக்கனம் பார்க்காதீர்கள், வழக்கின் உயிரே அந்த அறிக்கைதான்.

சட்டப்படி பரிசோதனை தேவைப்படும் வழக்கு ஐந்து மாதத்தில் முடிய வேண்டும். நடைமுறையில் அதைவிட நீளும், அதற்குத் தயாராக இருங்கள். எதிர்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், மேலும் 15 நாள் அவகாசம் உண்டு, அதற்கு மேல் கிடையாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு உறுதியாகச் சொல்லிவிட்டது. 46-வது நாள் பதில் வந்தால் ஆட்சேபம் பதிவு செய்யுங்கள். ஜெயித்தபின் அவர்கள் மேல்முறையீடு செய்தால் உத்தரவான தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும். உத்தரவை மதிக்காவிட்டால் 72-வது பிரிவில் சிறைத் தண்டனை வரை வழி இருக்கிறது.

கம்பெனி பெயரில் பதிவான கார் என்றால் "வணிக நோக்கம்" என்ற ஆட்சேபம் வரும். இயக்குநரின் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய கார் வணிக நோக்கத்தில் அடங்காது என்று 2024 ஜூலையில் டைம்லர் கிரைஸ்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்கு உதவும். டாக்ஸியாக ஓட்டுபவர் தன் பிழைப்புக்காகத் தானே ஓட்டினால் அவரும் நுகர்வோர்தான்.

9. புது இன்ஜின் போட்ட பிறகு

வண்டி திரும்பக் கிடைத்ததும் பிளாக்கில் பொறித்திருக்கும் இன்ஜின் எண்ணைப் பாருங்கள். மாறியிருந்தால் டீலரிடம் மாற்றியதற்கான கடிதமும் இன்வாய்ஸும் வாங்கி, ஆர்டிஓவில் ஆர்சியில் புது எண்ணை ஏற்றுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதி பாலிசியில் மாற்றுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் அடுத்த விபத்தில் கிளெய்ம் சிக்கும், விற்கும்போதும் ஆர்சி மாறாது. டீலரே செய்து தருவதாகச் சொன்னால் நல்லது, ஆனால் புது ஆர்சி கைக்கு வரும்வரை பழைய ஜாப் கார்டுகளையும், மூடி ஒட்டிய அந்த ஆயில் பாட்டிலையும் தூக்கி எறியாதீர்கள்.